கலைஞ்ச மண்ணு

டாய்லெட்டுக்கு நீங்க தாராளமா முழு மார்க்கும் போடலாம் சார், அதுல நான் குறுக்க நிக்கல. போன வாரம் வரைக்கும் அந்தக் கதவுக்குத் தாப்பாளே கிடையாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நீங்க இந்த மியூசியத்தப் பார்வையிட வர்றீங்கன்னு தகவல் வந்ததும் தாப்பாள் வந்துச்சு, சோப்பு வந்துச்சு, முகம் பார்க்கிற கண்ணாடி வந்துச்சு. கண்ணாடியில ஒட்டியிருந்த கடைச் சீட்ட நான் தான் நகத்தால சுரண்டி எடுத்தேன். உங்கள மாதிரி ஆளு அடிக்கடி வந்தா நாங்களும் மனுஷங்களா வாழலாம்.

டிக்கெட் கவுண்டர், குடிதண்ணி, சக்கர நாற்காலி போற சரிவுப் பாதை, எல்லாத்துக்கும் போடுங்க. பார்க்கிங்குக்கு மட்டும் போடாதீங்க. இந்த இடம் பஸ்ஸு நிறுத்த லாயக்கில்லன்னு எழுதிடுங்க. உங்க ஒரு கையெழுத்துக்குத் தான் மேனேஜர் காத்துக்கிட்டு இருக்காரு. இடம் சரிதான்னு நீங்க சொல்லிட்டா திங்கக்கிழமையே ஆளு இறங்கிடும், சிமெண்டு கல்லு பதிச்சுடுவாங்க. பின்னாடி கல்லு அடுக்கி வச்சிருக்கிறத வரும்போதே பார்த்திருப்பீங்க.

சிரிக்காதீங்க சார், நெசமாத் தான் கேக்குறேன். வேல பார்க்கிற இடத்துக்கே பெயில் போடச் சொல்றாளே இவன்னு நினைக்கிறீங்க. நினைங்க, தப்பில்ல.

உக்காருங்க, மழை இப்ப விடாது. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. கைடு ரூம்னு வெளிய போர்டு மாட்டியிருக்கு, உள்ள பார்த்தீங்கல்ல. பாடாத ஹெட்போன், விரியாத குடை, கிழிஞ்ச பேனர், நான். எல்லாம் ஒண்ணாத் தான் கிடக்குறோம். டீ சொல்லியிருக்கேன், வரும். வந்தா குடிங்க, சூட்ட மட்டும் தான் நான் உத்தரவாதம் குடுப்பேன்.

காரணம் என்னன்னா, தண்ணி நிக்குது சார். ஜன்னல் வழியாவே பாருங்க. எங்க? அந்த மூலையில. வடிஞ்சுடுச்சா? இப்ப வடிஞ்சிருக்கும், பெரிய மழைக்கு நிக்கும். சரி, தண்ணிய விடுங்க, பாம்பு. போன மாசம் ஒரு பஸ் டிரைவர், நல்ல வாட்டசாட்டமான ஆளு, பாம்பப் பார்த்துட்டு ஸ்டியரிங் மேல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாரு. என்ன சொல்றீங்க? சிமெண்டு போட்டா பாம்பு வராதா? அதுவும் சரி தான். பாம்பு பேச்ச நான் எடுத்திருக்கக் கூடாது.

வயசானவங்களுக்கு நடக்கத் தூரம்னு சொல்லலாம்னு இருந்தேன். கேட்ட ஒட்டியே இருக்குது, அதையும் எப்படிச் சொல்றது. எனக்குப் பொய் வராது சார். என் பொண்ணு சொல்லுவா, அம்மா நீ வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடுதுன்னு. அவளுக்கு நான் இங்க வேல பார்க்கிறதே பிடிக்கல. இன்னும் எத்தன நாளைக்கு அந்தக் குழிகளச் சுத்திக்கிட்டு இருப்ப, என் கூட வந்து இருன்னு ஒரே சண்ட. நல்ல பொண்ணு தான். பேச்சு தான் கொஞ்சம் காரம், அது என்கிட்டேருந்து போனது.

சுத்திப் பார்த்தீங்களே, அந்த நடு ஹால்ல தரையில கண்ணாடி போட்டு மூடின குழி, அது தான் எங்க எல்லாருக்கும் சோறு போடுது. ஒரு பொம்பள ஒருக்களிச்சுப் படுத்திருக்கா, அவ மடக்கின கைக்குள்ள ஒரு கைப்பிள்ளையோட எலும்பு. அத ஜனங்களுக்குக் காட்ட நான் ஒரு முறை வச்சிருக்கேன். முதல்ல லைட்டு போட மாட்டேன். எல்லாரையும் சுத்தி நிக்க வச்சு, பானை, மணி, அடுப்புன்னு எதையாவது பேசிக்கிட்டே இருப்பேன். செல்போன நோண்டுறவங்க நோண்டி முடிச்சு, சத்தம் நல்லா அடங்கினதும் சுவிட்சத் தட்டுவேன். எல்லாரும் ஒண்ணா மூச்ச இழுப்பாங்க. நீங்களும் இழுத்தீங்க, நான் உங்களைத் தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அது அச்சு சார். நெச எலும்பு எங்கயோ ஆராய்ச்சிக் கூடத்துல பத்திரமா இருக்கு. ஏமாத்தல, போர்டுல எழுதித் தான் வச்சிருக்காங்க, கீழ, பொடி எழுத்துல. யாரு குனிஞ்சு படிக்கிறாங்க. அழுவுறாங்க சார், சும்மா சொல்லக் கூடாது, நெசமாவே அழுவுறாங்க. ஒரு அம்மா கண்ணாடி மேல கைய வச்சுக்கிட்டு, பாவி மக, சாகும்போது கூட பிள்ளைய விடலையேன்னு தேம்பித் தேம்பி அழுதாங்க. நான் தான் தண்ணி குடுத்து பெஞ்சுல உக்கார வச்சேன். இன்னொரு பக்கம் புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு, குழிக்குப் பக்கத்துலயே அதே மாதிரி ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, அக்கா ஒரு போட்டோ எடுங்கன்னு என்கிட்டயே போன நீட்டிச்சு. எடுத்துக் குடுத்தேன். கொஞ்சம் கோணலா எடுத்தேன், அது வேற விஷயம்.

அழுவுறவங்கள நான் வேணாங்கல. ஆனா அவங்க அழும்போது எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வரும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவளுக்கு இவ்ளோ கண்ணீர் இருக்கு ஜனங்ககிட்ட. அப்ப இருக்குதானே, இல்லாம இல்லையே.

என்னது? ஓ, மேனேஜர் அதையும் சொல்லிட்டாரா. நினைச்சேன். காலையில கேட்டு தொறக்கிறதுக்கு முன்னாடியே வந்து பார்க்கிங்ல சல்லடைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, கொஞ்சம் மர கழண்ட கேசு, அவ பேசுறத எல்லாம் பெருசா எடுத்துக்காதீங்கன்னு சொல்லியிருப்பாரு. அவரு மேல கோவம் இல்ல, அவருக்கு பஸ்ஸு சேத்துல மாட்டக் கூடாது, அவ்ளோ தான். கம்மல் தொலைஞ்சுடுச்சு, தேடுறேன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு கம்மல இத்தன மாசமா எவளாவது தேடுவாளா, தேடினாலும் ரெண்டு காதுலயும் கம்மலப் போட்டுக்கிட்டா தேடுவா? அவரு ஒரு நாள் கூட என் காதப் பார்க்கல.

சல்லடை எனக்குப் புதுசில்ல சார். கைடு ஆகிறதுக்கு முன்னாடி நான் இங்க மண்ணு சலிக்கிற கூலி. தோண்டுறதுன்னா எல்லாரும் கடப்பாறையத் தான் நினைக்கிறாங்க. இங்க சின்னக் கரண்டி, பிரஷ்ஷு. வெளிய அள்ளுற ஒவ்வொரு கூடை மண்ணும் எங்க கைக்கு வரும், நாங்க சலிச்சு, ஒரு பாசிமணி, ஒரு ஓட்டாஞ்சில்லு தப்பாம எடுத்துக் குடுக்கணும். வேலையப் பார்த்துக்கிட்டிருந்த பேராசிரியர நாங்க தொப்பிக்காரருன்னு தான் சொல்லுவோம். தங்கமான மனுஷன். கூலி ஆளுங்களையும் வாங்க போங்கன்னு தான் பேசுவாரு. சாயங்காலம் உக்காந்து, இது என்ன, இது எதுக்குன்னு எங்களுக்கும் சொல்லுவாரு. அவரு சொன்னத வச்சுத் தான் இன்னைக்கு நான் வாய் கிழியப் பேசிக்கிட்டு இருக்கேன்.

ஆனா அந்த மரியாத எல்லாம் கீழ் மண்ணுக்குத் தான் சார். மேல இடுப்பளவுக்கு இருக்கிற மண்ணுக்கு வேற கணக்கு. அத கலைஞ்ச மண்ணுன்னு சொல்லுவாங்க. ஏர் ஓட்டினது, வாய்க்கா வெட்டினது, எலி பறிச்சது, குப்பை கொட்டினது, எல்லாம் கலந்து கிடக்கும். அதுல என்ன கிடைச்சாலும் எந்தக் காலத்ததுன்னு சொல்ல முடியாது, அதனால ஆராய்ச்சிக்கு ஆகாது. வழக்கமே அப்படித்தானாம். அத கரண்டியால எடுக்க மாட்டாங்க, பொக்லைன் வந்து வாரிடும். சலிக்கிறதும் கிடையாது. சலிக்க ஆரம்பிச்சா ஆயுசு பத்தாதுன்னு தொப்பிக்காரரு சொன்னாரு. நியாயம் தான்னு தான் நானும் நினைச்சேன். மாட்டெலும்பும் பாட்டில் சில்லும் கிடக்கிற மண்ணு, அதுல எவன் கண்ணு வைக்கப் போறான்.

வாரின மண்ண எங்கயாவது கொட்டணுமில்ல? வேலிக்கு வெளிய ஒரு பள்ளம் இருந்துச்சு. டிராக்டர் டிராக்டரா அதுல கொட்டினாங்க, நாங்க பொம்பளைங்க மம்பட்டி போட்டு நிரவி விட்டோம். நல்ல சமமா நிரவியிருக்கீங்கன்னு பாராட்டு வேற. அது தான் சார் இப்ப பார்க்கிங்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்குங்க. ஆறிடப் போவுது.

வீட்டுல யாரெல்லாம்னு கேட்டீங்க இல்ல, வரும்போது. பொண்ணுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டேன். வீட்டுக்காரரு, எப்படிச் சொல்றது. மோட்டாருக்கு காயில் கட்டுறவரு. கைவேலைன்னா அப்படி ஒரு சுத்தம். வாய் தான் சும்மா இருக்காது, செம்புக் கம்பியச் சுத்திக்கிட்டே என்ன வம்புக்கு இழுப்பாரு. அந்தக் கெட்ட வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க அப்ப காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க, உங்க ஊருல அவ்வளவு இருந்திருக்காது. இங்க பொழுது சாஞ்சா எவனும் கதவத் தொறக்க மாட்டான். எந்த வண்டி எந்தத் தெருவுல நிக்கும், யாரக் கூட்டிக்கிட்டுப் போகும்னு தெரியாது. ஏன் போறீங்க, நாளைக்குப் போகலாமேன்னு சொன்னேன். அவரு, கட்டின மோட்டாரக் குடுத்துட்டு சாயங்காலமே வந்துடுவேன், பாப்பாவ தூங்க வைக்காதே, நான் வந்து தான் தூங்க வைப்பேன்னுட்டு பஸ்ஸேறினாரு. பாப்பா அப்ப தவழ்ற வயசு.

பஸ்ஸ வழியில நிறுத்தியிருக்காங்க. சீருடை போட்டவங்களும் இருந்தாங்களாம், போடாதவங்களும் இருந்தாங்களாம். ஆம்பளைங்கள மட்டும் இறக்கிட்டு, பொம்பளைங்களோட பஸ்ஸ போகச் சொல்லிட்டாங்க. அவரு மோட்டாரு சீட்டுக்கு அடியில அப்படியே வந்துச்சு சார். கண்டக்டர் அத தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல வச்சாரு. நான் என்ன ஏதுன்னு கேக்குறேன், அந்த மனுஷன் கீழயே பார்த்துக்கிட்டுத் திரும்பிப் போனாரு. அவரு நடந்து போனத வச்சே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா புரிஞ்சத ஏத்துக்கணுமே.

ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல. இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு வெயில்ல நிப்பேன். பொண்ணப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது, அப்பா இருக்காரான்னு கேட்டாங்க. இருக்காருன்னா எங்கன்னு கேப்பாங்க, இல்லன்னா என் வாயால நானே அவர சாகடிச்ச மாதிரி.

அப்பத் தான் ஆடு மேய்க்கிற ஒருத்தர் சொன்னாரு, அன்னைக்கு ராத்திரி இப்ப நாம உக்காந்திருக்கிற இந்த மேட்டுப் பக்கம் மண்ணு தோண்டுற மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சுன்னு. மறுநாள் போய்க் கேட்டா, நான் எப்பச் சொன்னேன், எனக்குக் காதே சரியா கேக்காதுன்னுட்டாரு. அவரு என்ன செய்வாரு, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. மேட்டச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டு வருஷக்கணக்கா யாரையும் விடல. அப்புறம் காலம் மாறிடுச்சு, கம்பியப் பிரிச்சாங்க, தொப்பிக்காரரு வந்தாரு, மண்ணு சலிக்க ஆளு வேணும்னாங்க. முதல் ஆளா நான் போய் நின்னேன். வேற எந்தப் பேராசையும் இல்ல சார். இந்த மேட்டக் கரண்டி கரண்டியா எடுக்கப் போறாங்க, ஒரு பிடி விடாம என் கண்ணு முன்னாடி போகப் போவுது. இத விட வேற எங்க போய்த் தேடுவேன்?

எலும்பு, எலும்புன்னு ஒரு நாள் சத்தம் கேட்டுச்சு. சல்லடையப் போட்டுட்டு ஓடினேன். காலு தரையில பாவல. எட்டிப் பார்த்தா அந்தப் பொம்பளையும் பிள்ளையும். ரொம்பப் பழசு, ரொம்ப ரொம்பப் பழசுன்னு தொப்பிக்காரரு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். அவரு இல்லையேன்னு அழுதேனா, நல்லவேளை அவரு இல்லன்னு அழுதேனா, எனக்கே தெரியல. தோண்டி முடிக்கிற வரைக்கும் அப்படித்தான், ஒவ்வொரு குழிக்கும் ஓடுவேன், திரும்பி வருவேன். கடைசியில, இங்க அவரு இல்லன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். ஒரு பக்கம் தெம்பாக் கூட இருந்துச்சு. வேற எங்கயோ இருக்காரு, உடம்பு சரியில்லாமலோ நினைவு தப்பியோ இருக்காருன்னு மனசு கண்டதையும் சொல்லிச்சு.

கைடு வேலையும் குடுத்தாங்க, இருந்துட்டேன். ஒரு நாள் ஒருத்தர் வந்தாரு, பேரனக் கையில பிடிச்சுக்கிட்டு. தல நரைச்சிருந்தாலும் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுடுச்சு. நான் ஏறி இறங்கின ஆபீஸ்ல மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவரு. உன் புருஷன் எவளோடயாவது போயிருப்பான், போய்ப் பிள்ளையப் பாரும்மான்னு, இடுப்புல பிள்ள அழ அழ என் மூஞ்சிக்கு நேரா சொன்னவரு. அவருக்கு என்ன அடையாளம் தெரியல. எப்படித் தெரியும், என்ன மாதிரி எத்தன பேரு வந்து நின்னிருப்பாங்க. நானும் ஒண்ணும் காட்டிக்கல. பானை, மணி, அடுப்பு எல்லாம் சொல்லி, சத்தம் அடங்க விட்டு, சுவிட்சத் தட்டினேன். அந்த ஆளு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு சார். பேரன்கிட்ட, பாருடா, தாய்ப்பாசம்னா இது தான்டான்னு சொன்னாரு. போகும்போது எனக்குக் கும்பிடு போட்டு, ரொம்ப உருக்கமா சொன்னீங்கம்மான்னாரு. நான் என்ன செஞ்சேன்? நன்றி சார்னேன். அன்னைக்கு முழுக்க என் கையே எனக்கு அருவருப்பா இருந்துச்சு, அந்தக் கும்பிடுக்கு எதிர்க் கும்பிடு போட்ட கை.

நீங்க டீயக் குடிக்கவே இல்ல.

ஆமா சார். நீங்க நினைக்கிறது தான். நான் கீழ தேடிக்கிட்டு இருந்தேன். பஸ்ஸ நிறுத்தினவங்க மேல் மண்ணுலயே போட்டு மூடிட்டுப் போயிருக்காங்க. அவசர வேலை தானே, அவனுங்க எதுக்கு ஆழமாத் தோண்டப் போறானுங்க. இடுப்பளவு மண்ணுக்குள்ள தான் எல்லாரும் இருந்திருக்காங்க. அத பொக்லைன் வாரி, டிராக்டர் கொண்டு போய்க் கொட்டி, மம்பட்டி போட்டு நிரவி, இத்தன வருஷமா அது மேல பஸ்ஸு ஏறி இறங்குது. நிரவுனதுல என் கையும் இருக்கு. அத நினைச்சா எனக்கு இப்பவும் சோறு இறங்காது.

யாருகிட்டச் சொல்லச் சொல்றீங்க? தொப்பிக்காரரு இருந்தா சொல்லியிருப்பேன், அவரு வேலை முடிச்சுப் போயே நாளாச்சு. போலீஸா? அந்தப் பஸ்ஸ நிறுத்தினதுல ஒருத்தன் இன்னைக்கு எந்தப் பதவியில இருக்கான்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், எவனும் வாயத் தொறக்க மாட்டான். நான் போய்ச் சொன்னா திங்கக்கிழமை வரைக்கும் கூட காத்திருக்க மாட்டாங்க, அன்னைக்கே கலவை ஊத்திடுவாங்க. டூரிஸ்டு வர்ற இடத்துக்குக் கெட்ட பேரு வந்துடுமாம், இதுல எல்லாருக்கும் பொழப்பு வேற இருக்கு. ஆனா பார்க்கிங்குக்கு லாயக்கில்லன்னு நீங்க எழுதினா அது சாதாரண விஷயம் சார். வேற இடம் பார்ப்பாங்க, இத அப்படியே விட்டுடுவாங்க. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மேல வருது. ஒரு பல்லு கிடைச்சுது, ஒரு சட்ட பட்டன் கிடைச்சுது, யாருதுன்னு தெரியல, யாருதா இருந்தா என்ன, எடுத்து வச்சிருக்கேன். எனக்கு அந்த மண்ண ஒரு தடவ முழுசா சலிக்கணும். ஆயுசு பத்தாதுன்னு சொன்னாங்க, பத்துற வரைக்கும் பார்க்குறேன்.

எப்படி இவ்ளோ உறுதியாச் சொல்றீங்கன்னு கேக்குறீங்க. பல்லும் பட்டனும் எல்லார் கொல்லையிலயும் தான் கிடைக்கும், அதுவும் நியாயமான கேள்வி தான்.

கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்காரரு ஏணியிலேர்ந்து விழுந்துட்டாரு சார். இடது கால், முட்டிக்குக் கீழ ரெண்டா உடஞ்சு போச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் என்கிட்ட ஒரு தகட்டக் காட்டினாரு, விரல் நீளத்துக்கு, வரிசையா ஓட்டை போட்டு. இத உள்ள வச்சுத் தான் திருகாணி போட்டு முடுக்கப் போறேன், பயப்படாதேம்மான்னாரு. குளிருக்கு அது வலிக்கும், நான் தான் எண்ணெய் தேச்சு விடுவேன். தோலுக்கு மேலயே தகட்டோட விளிம்பு கைக்குத் தட்டுப்படும்.

பார்க்கிங்கத் தோண்டணும்னெல்லாம் முதல்ல எனக்குத் தோணவே இல்ல சார், சத்தியமா. போன மழைக்காலத்துல ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்துச்சு. கீழ ஏதாவது கிடந்தா எடுத்துக்கிட்டுப் போகாம எங்ககிட்ட குடுக்கணும்னு எல்லாக் கூட்டத்துக்கும் சொல்றது தான், யாரும் காதுல வாங்குறதில்ல. அன்னைக்கு ஒரு பொண்ணு வாங்கியிருக்கு. பஸ்ஸேறப் போனது திரும்பி ஓடி வந்து, டயரு பதிஞ்ச இடத்துல கிடந்துச்சு ஆன்ட்டின்னு சேத்தோட என் கையில வச்சுது. அந்தக் குழாய்ல தான் கழுவினேன். தகடு. ஒரு ஓட்டையில திருகாணி இன்னும் நிக்குது. என் பொண்ணு சொல்றா, அம்மா அது வேற யாருக்காவது வச்சதா இருக்கும்னு. இருக்கலாம். அப்படின்னா அந்த ஆளோட பொண்டாட்டியும் எங்கயோ என்ன மாதிரி தானே உக்காந்திருப்பா.

அந்தப் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். இது அந்தக் காலத்து ஆயுதமா ஆன்ட்டி, இதையும் கண்ணாடிக்குள்ள வைப்பீங்களான்னு குதிக்குது. எத்தன வருஷம் பழசு, சொல்லுங்கன்னு என் கையப் பிடிச்சு உலுக்கிச்சு. இருபத்தஞ்சு வருஷம் இருக்கும் கண்ணுன்னேன். அவ்ளோ தானான்னு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, கையத் துடைச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிடுச்சு.